நொண்டாமல் நடக்கும் வித்தை

இசக்கிக்கு நொண்டாமல் நடக்கத் தெரியும். இது ஒரு பெரிய வித்தையா என்று கேட்கலாம். தொங்கிப்போன பாதத்தை வைத்துக்கொண்டு, தெருவில் ஒருத்தருக்கும் தெரியாமல் ஒரு நாள் கடைக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள். அப்புறம் பேசுவோம்.

வித்தையைச் சொல்லிக்கொடுத்தவர் அவளுடைய அப்பா, கண்டக்டர் ஆவுடையப்பன். அவருக்கும் அதே நோய்தான். நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக மெலியும். முதலில் பாதம் தொங்கும். பிறகு முழங்காலுக்குக் கீழே சதை வற்றும். வருஷங்கள் போனால் கைவிரலுக்கு வரும். உயிரை எடுக்காது, ஆளையும் விடாது. மருந்து கிடையாது.

ஓடுகிற பஸ்ஸில் இடுப்பைக் கம்பியில் சாய்த்துக்கொண்டே அவர் காலம் முழுக்க டிக்கெட் கிழித்தார். டிரைவருக்குத் தெரியாது, டிப்போவில் தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். ஒரு நாள் படிக்கட்டில் சரிந்து விழுந்தபிறகுதான் வீட்டில் உட்கார்ந்தார். அப்போதும் மூட்டுவலி என்றுதான் ஊருக்குச் சொன்னார்.

மகளுக்குப் பாதம் தொங்க ஆரம்பித்தபோது அவர் அழவில்லை. அம்மாதான் அழுதாள். அவர் பிள்ளையை நடுவீட்டில் நிறுத்திப் பாடம் நடத்தினார். பின்னால் வார் வைத்த செருப்புத்தான் போட வேண்டும். முழங்காலைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கிவைக்க வேண்டும், ஆனால் தூக்குவது தெரியக் கூடாது. நின்று பேசுவதானால் சுவர் ஓரமாக நின்றுகொள்ள வேண்டும். படி ஏறும்போது பக்கத்தில் வருகிறவரிடம் ஏதாவது பேசிக்கொண்டே ஏற வேண்டும். அவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், காலைப் பார்க்க மாட்டார்கள்.

கெட்டிக்காரப் பிள்ளை. சீக்கிரமே அப்பாவை மிஞ்சிவிட்டாள்.

தண்ணீரில் இறங்கச் சொன்னது நரம்பு டாக்டர். சதை வற்றுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்றார். பதினாலு வயதில் பாளையங்கோட்டை நீச்சல் குளத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பிள்ளைக்கு உடம்பு தேற வேண்டும், அதற்காகத்தான் என்று அப்பா அங்கேயும் சொல்லிவைத்தார்.

அங்கே சொல்லிக்கொடுக்கிறவள் ஜெபக்கனி. முப்பது வயது இருக்கலாம். பிள்ளைகள் கோச்சக்கா என்று கூப்பிடுவார்கள். குளோரின் பட்டுப் பட்டு முடி செம்பட்டையாகிக் கிடக்கும். யாரையும் புகழ மாட்டாள். மூச்சு முட்ட நீந்தி முதலாவதாக வந்து நின்றால், "பரவால்ல" என்பாள். அந்தப் பரவால்லைக்காகப் பிள்ளைகள் உயிரை விடும்.

சேர்ந்து ஒரு வாரம் இருக்கும். இசக்கி கரையேறி, தன் வழக்கப்படி நிமிர்ந்து, பக்கத்தில் வந்தவளிடம் பேசிக்கொண்டே நடந்து போனாள். ஜெபக்கனி கூப்பிட்டாள்.

"ஏட்டி, திரும்பிப் பாரு."

சிமெண்டுத் தரையில் அவள் நடந்து போன ஈரத்தடம் கிடந்தது. இடது பாதம் அச்சாகப் பதிந்திருந்தது. வலது பாதத்துக்கு அச்சே இல்லை. பெருவிரல் இழுத்துக்கொண்டு போன கோடுதான் இருந்தது, ஒவ்வொரு அடிக்கும் ஒரு கோடு.

இசக்கியின் முகத்தில் ஈயாடவில்லை. ஜெபக்கனி ஒன்றும் கேட்கவில்லை. சரி, போ என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைப் பார்க்கப் போய்விட்டாள். மறுநாளும் கேட்கவில்லை, அதற்கு மறுநாளும் கேட்கவில்லை. கேட்காமலே மூன்று மாதம் போனது, இசக்கிக்கு அதுதான் பொறுக்கவில்லை. கடைசியில் அவளே போய், வார்த்தையை மென்று மென்று, அப்பாவின் கதை உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். ஜெபக்கனி வேர்க்கடலை தின்றுகொண்டே கேட்டாள். கேட்டு முடித்து, இந்த மாதிரிக் காலுள்ள பிள்ளைகளுக்குத் தனியாகப் போட்டி இருக்கிறது, வருகிறாயா என்றாள்.

அப்படிக் கேட்டது இசக்கிக்கு அவமானமாக இருந்தது. ஆசையாகவும் இருந்தது. தண்ணீருக்குள் அவள் காலை யாரும் பார்க்க முடியாது. அந்த மூன்று மாதத்துக்குள்ளேயே நன்றாக நீந்தப் பழகியிருந்தாள். எல்லாருக்கும் முன்னால் போய் எதிர்ச்சுவரைத் தொட வேண்டும், ஒரே ஒரு தடவை தொட்டால் போதும், அது தன் பலத்தில் தொட்டதாக இருக்க வேண்டும் என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நடக்கிறதில்தான் கள்ளத்தனம், இதிலாவது ஒன்று நிஜமாகத் தன்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தாள்.

அப்பா லேசில் சம்மதிக்கவில்லை. போட்டி வடக்கே எங்கேயோ நடக்கிறது, இங்கே ஒரு குஞ்சுக்கும் தெரியாது என்று ஜெபக்கனி வீட்டுக்கே வந்து சொன்னபிறகு, தானும் கூட வருவதாக இருந்தால் சரி என்றார்.

மூன்று வருஷம் பழகினாள். வெளியூரில் நடந்த மாநிலப் போட்டியில் பெரிய ஆள் இல்லாததால் தேறினாள். பதினேழு வயதில் தேசியப் போட்டிக்குப் போனாள்.

இந்தப் போட்டிகளில் எல்லாரையும் ஒன்றாக இறக்கிவிட மாட்டார்கள். உடம்பில் எவ்வளவு குறை என்று முதலில் பார்த்து எண் போடுவார்கள். பத்து என்றால் குறை கொஞ்சம்தான். எண் இறங்க இறங்கக் குறை கூடுதல். ஒரே எண்காரர்கள் ஒன்றாக நீந்துவார்கள். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ஆசை என்று ஒன்று இருக்கிறதே. காலில் பலம் இருந்தும் இல்லாத மாதிரி நடித்து, சின்ன எண் வாங்கிக்கொண்டு, இளைத்தவர்களோடு நீந்தி மெடல் வாங்கிப் போகிற ஆட்களும் உண்டு. சோதனை செய்கிற டாக்டர்கள் அதைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பார்கள்.

அன்றைக்கு ஜெபக்கனிக்கு மற்றப் பிள்ளைகளோடு குளத்தில் வேலை. இசக்கியோடு அப்பா உள்ளே போனார். மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

டாக்டர் அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, பாதத்தின் மேல் கையை வைத்து, தூக்கு என்றார். அவ்வளவுதான், இசக்கிக்கு உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது. இத்தனை வருஷத்துப் பழக்கம், சும்மா விடுமா? இடுப்பை இறுக்கினாள், தொடையால் தூக்கினாள், முழங்காலைப் பூட்டினாள். பாதத்தில் இல்லாத பலத்தை எங்கெங்கிருந்தோ கடன் வாங்கிக்கொண்டுவந்து காட்டினாள். நடக்கச் சொன்னபோது டாக்டரிடம் பேசிக்கொண்டே நடந்தாள். தண்ணீரில் இறக்கிப் பார்த்தபோது கொஞ்ச தூரம்தான் நீந்தச் சொன்னார்கள், அந்தக் கொஞ்ச தூரத்துக்கு உயிரைக் கொடுத்துக் காலை அடித்தாள்.

டாக்டர் ஏமாறுகிற ஆள் இல்லை. ஆனால் அவர் பார்த்ததெல்லாம் பலத்தை மறைக்கிறவர்களைத்தான். பலவீனத்தை மறைத்துக்கொண்டு ஒருத்தி வருவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வளருகிற நோய், அடுத்த வருஷம் மறுபடியும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் பத்து போட்டார்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே வந்ததும் ஜெபக்கனியிடம், "பத்துக்குப் பத்து வாங்கிட்டா பிள்ளை" என்றார்.

ஜெபக்கனி இசக்கியைப் பார்த்தாள்.

நூறு மீட்டர் போட்டியில் இசக்கி ஆறாவதாக வந்தாள். முதல் பாதியில் மூன்றாவதாகத்தான் போனாள். திரும்பியதும் கால் தண்ணீருக்குக் கீழே போய்விட்டது. கூட நீந்தியவர்களில் ஒருத்திக்கு விரல்கள் இல்லை, இன்னொருத்திக்கு ஒரு பாதம் வளைந்திருந்தது. மற்றபடி எல்லாரும் திடகாத்திரமான பெண்கள். அவர்கள் அடித்த அடியில் எழுந்த அலையே இவள் வாயில் புகுந்தது.

திரும்பி வருகிற ரயிலில் அப்பா தூங்கிப்போனார். கதவோரம் நின்று ஜெபக்கனி கேட்டாள்.

"பத்து எப்படிட்டி போட்டாரு?"

இசக்கி சொன்னாள். இடுப்பை இறுக்கினது, முழங்காலைப் பூட்டினது எல்லாம் சொன்னாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருந்தது, அதை மறைத்து என்ன.

"கள்ளாட்டம் ஆடியிருக்கே" என்றாள் ஜெபக்கனி.

இசக்கிக்குக் கோபம் வந்துவிட்டது. "இருக்குத பலத்தை இல்லைன்னு காட்டினாத்தானக்கா கள்ளாட்டம்? நான் இல்லாததை இருக்குன்னு காட்டுனேன். யாரு வாயிலயும் மண்ணைப் போடலையே. எனக்குத்தானே நட்டம்?"

ஜெபக்கனி வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலையில் குளத்துக்குப் போனபோது ஜெபக்கனி ஒரு பலகையை அவள் கையில் கொடுத்தாள். பிடித்துக்கொண்டு மிதக்கிற பலகை. இரண்டு கையாலும் இதைப் பிடித்துக்கொள், கையை அசைக்காதே, காலால் மட்டும் அந்தக் கரைக்குப் போ என்றாள்.

"டாக்டர்ட்ட காட்டுனேல்லா? அதைத் தண்ணிட்ட காட்டு."

இசக்கி அடித்தாள். இடுப்பால் அடித்தாள், தொடையால் அடித்தாள். தண்ணீர் தெறித்தது, சத்தம் வந்தது, ஆள் நகரவில்லை. கயிறு கட்டிப் பிரித்த பக்கத்துத் தடத்தில் சின்னப் பிள்ளைகள் எல்லாம் தாண்டிப் போய்த் திரும்பி வந்தார்கள். ஜெபக்கனி கரையில் உட்கார்ந்து கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். போதும் என்று சொல்லவில்லை. வெயில் ஏறிவிட்டது. தடத்தின் பாதிகூட இசக்கி வந்து சேரவில்லை. கால் இரண்டும் மெதுவாகக் கீழே இறங்கி, கடைசியில் பலகையைக் கட்டிக்கொண்டு செங்குத்தாகத் தண்ணீரில் தொங்கினாள்.

ஜெபக்கனி குனிந்து கேட்டாள்.

"டாக்டர் பத்து போட்டாரு. தண்ணி எத்தனை போடுது?"

இசக்கி அழுதாள். குளத்துக்குள் அழுவதில் ஒரு வசதி, வெளியே தெரியாது.

அன்றையிலிருந்து பாடம் மாறியது. காலை மறந்துவிடு, அது பாட்டுக்குப் பின்னால் வரட்டும் என்றாள் ஜெபக்கனி. நெஞ்சைத் தண்ணீரில் அழுத்தி இடுப்பை மேலே வைக்கச் சொன்னாள். தோளை உருட்டி நீளமாகக் கை போடச் சொன்னாள். கால் செய்த வேலையை எல்லாம் தோள் செய்யப் பழக வேண்டும். தோளில் தோல் உரிந்தது. எண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி இறங்கினாள். இரவு சாப்பிடக் கை தூக்க முடியாமல் அம்மா ஊட்டிவிட்ட நாள் உண்டு.

நீச்சல் தேறிக்கொண்டே வந்தது. உடம்பு போய்க்கொண்டே இருந்தது. அந்த ஒரு வருஷத்தில் வலது கெண்டைக்கால் குச்சியாகிவிட்டது. நன்றாக இருந்த இடது பாதமும் தொங்கத் தொடங்கியது. ஒன்றை ஒன்று துரத்துகிற மாதிரி இருந்தது. அப்பாவும் அந்த வருஷம்தான் எழுந்து நடப்பதை நிறுத்தினார். அடுத்த போட்டிக்கு அவரால் கூட வர முடியவில்லை.

மறுவருஷச் சோதனைக்கு ஜெபக்கனி உள்ளே வந்தாள். வந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

வேறு டாக்டர். அதே கட்டில், அதே மாதிரி பாதத்தின் மேல் கை. தூக்கு என்றார்.

இடுப்பு தானாக இறுகியது. இசக்கி ஜெபக்கனியைப் பார்த்தாள். அவள் திரும்பவே இல்லை. ஒரு சாடை காட்டியிருந்தாலும் போதும், பழியை அவள் தலையில் போட்டிருக்கலாம். அதற்கும் வழி வைக்கவில்லை.

இசக்கி மூச்சை விட்டாள். இடுப்பை விட்டாள், தொடையை விட்டாள். பாதம் தொங்கியது. டாக்டர் கொஞ்சம் பொறுத்து, முழுப் பலத்தையும் போட்டுத் தூக்கு என்றார்.

"அவ்வளவுதான் சார்" என்றாள்.

அந்த வார்த்தையை அவள் வாழ்க்கையில் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும், ஊரில் கட்டிலில் கிடக்கிற அப்பாவைக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

எட்டு போட்டார்கள்.

போட்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குதித்தாள், நெஞ்சை அழுத்தினாள், தோளை உருட்டினாள். பாதித் தூரத்தில் திரும்பும்போது இந்தத் தடவை எதுவும் கீழே போகவில்லை. வந்து சுவரைத் தொட்டு நிமிர்ந்தால் மற்றவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. போர்டில் அவள் பெயர் முதலில் இருந்தது. அவள் பார்த்தது பெயரை இல்லை, பக்கத்தில் இருந்த நேரத்தை.

போன வருஷம் ஆறாவதாக வந்தபோது நீந்தியதைவிட நாலு விநாடி கூடுதல்.

ஜெபக்கனி துண்டை நீட்டினாள். "பரவால்ல" என்றாள். நாலு வருஷமாக எந்த வார்த்தைக்கு ஏங்கினாளோ அந்த வார்த்தை. இசக்கிக்குக் காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை.

இந்திய அணிக்கான பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டார்கள். திருநெல்வேலி ஜங்ஷனில் மாலை, சால்வை, தவில், நாதஸ்வரம். மேடைக்கு ஏறும்போது பேசிக்கொண்டே ஏற யாரும் பக்கத்தில் இல்லை. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக, ஊரே பார்க்க ஏறினாள். பேப்பரில் அவளுடைய நோயின் பெயரைப் போட்டு, பரம்பரையாக வருவது என்றும் எழுதிவிட்டார்கள்.

டிப்போவில் கூட வேலை பார்த்த இரண்டு பேர் வாழ்த்துச் சொல்ல வீட்டுக்கு வந்தார்கள். காபி குடித்துவிட்டுப் போகும்போது ஒருத்தர் ஆவுடையப்பனிடம், "மூட்டுவலின்னுல்லாவே சொன்னீரு" என்றார். குத்திக்காட்டிச் சொன்னதில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். ஆவுடையப்பன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அவர்கள் போனபிறகு மகளைக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்து இசக்கி போனாள். மெடலைக் காட்டச் சொன்னார்.

கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். விரல்கள் மூடவில்லை. மெடல் சரிந்து மடியில் விழுந்து, மடியிலிருந்து தரையில் விழுந்தது. இசக்கி குனிந்து எடுத்தாள். அவளுக்கும் ஒரு தடவையில் எடுக்க வரவில்லை. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேரமாட்டேன் என்றன. இரண்டாம் தடவைதான் பிடிபட்டது.

அப்பா அதைப் பார்த்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் தப்பியிருக்கும்.

"கையில வந்துட்டா தாயி?"

"இல்லப்பா. ரிப்பன் வழுக்குது."

அவர் மெதுவான குரலில், சட்டைப் பட்டன் போடக் கஷ்டமாக இருந்தால் பட்டனைப் பார்க்காதே, துணியைப் பிடித்துப் பட்டன் மேல் இழு என்றார். டம்ளரை விரலால் பிடிக்காமல் உள்ளங்கையில் ஏந்திக்கொள், சூடு ஆறட்டும் என்று வைத்திருப்பதாக நினைப்பார்கள் என்றார். இன்னும் இரண்டு மூன்று வழி இருக்கிறது, ஒவ்வொன்றாகச் சொல்லித்தருகிறேன் என்றார்.

நடுவீட்டில் நிறுத்திச் சொன்ன அதே பாசம், அதே பொறுமை. இசக்கி சரிப்பா, சரிப்பா என்று தலையாட்டிவிட்டு எழுந்து வந்தாள். இரண்டு மாதமாகவே பட்டன் தகராறு பண்ணிக்கொண்டுதான் இருந்தது. ஜெபக்கனியிடம்கூடச் சொல்லவில்லை. தோளும் கையும்தான் அவளிடம் மிச்சம் இருந்த சொத்து. அதிலும் கை வைத்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வாள்?

மறுநாள் குளத்துக்குப் போனாள். நீச்சல் உடையை மாற்றவில்லை. மெடலைக் கழுத்தில் போடாமல் கையில் சுருட்டிக்கொண்டுபோய், ஜெபக்கனி உட்கார்ந்திருந்த பெஞ்சில் வைத்தாள்.

"இதை நீங்களே வச்சுக்கோங்க. முகாமுக்கு நான் போவலை."

ஜெபக்கனி நகர்ந்து இடம் விட்டாள். இசக்கி உட்காரவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கேன். மழுப்பாம சொல்லணும்."

"கேளு."

"ஜெயிச்சது நானா, என் சீக்கா?"

ஜெபக்கனி அவளைப் பார்த்தாள்.

"போன வருஷம் வேகமா நீந்துனேன், ஆறாவது. இந்த வருஷம் மெதுவா நீந்துனேன், முதலாவது. கையிலயும் வந்துட்டு அக்கா. உங்ககிட்ட மறைச்சுட்டேன். அடுத்த தடவை பாப்பாங்க, இன்னும் கீழ எண் போடுவாங்க. இன்னும் மெதுவா நீந்துவேன், இன்னும் பெரிய மெடலா வாங்குவேன். ஒண்ணுமே அசையாம எங்கப்பா மாதிரி கிடக்குத அன்னைக்கு, உலகத்துலயே நான்தான் முதல் ஆளு. அப்படித்தானே? எனக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நானா ஜெயிக்கணும்னு இருந்துது. அது நடக்கலை. சீக்கு நீந்துது, அது ஜெயிக்குது. மாலையை மட்டும் என் கழுத்துல போடுதாங்க."

சுற்றி இருந்த பிள்ளைகள் நீந்துவதை நிறுத்திவிட்டுக் கரையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

ஜெபக்கனி எழுந்தாள். நடுத்தடத்தில் இருந்த பிள்ளைகளை வெளியே வரச் சொன்னாள். எல்லாரும் ஏறினார்கள். தடம் காலியானது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் அலையடங்கித் தட்டையாக நின்றது. அடியில் இருந்த கறுப்புக் கோடு நெளியாமல் தெரிந்தது.

"நீ சொல்லுதது சரியாத்தான் இருக்கும்" என்றாள். "நீ இங்கனயே நில்லு. தண்ணியில எறங்காத. உன் சீக்கை மட்டும் எறக்கிவிடு. எம்புட்டு நேரத்துல போவுதுன்னு நானும் பாக்கேன்."

இசக்கிக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளையாடுகிறாளா என்று முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் விளையாட்டு இல்லை. போட்டி நாளில் நிற்பது மாதிரியே தடத்தின் முனையில் போய் நின்று, கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்தாள். விசிலை ஊதினாள். பொத்தானை அமுக்கினாள்.

காலித் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளைகளில் ஒருத்தி சிரிக்கப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் வாயைப் பொத்தினாள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ஜெபக்கனி ஒரு தடவைகூட இசக்கியின் பக்கம் திரும்பவில்லை. கண் தண்ணீரில், கட்டைவிரல் பொத்தான் மேல்.

நிற்க நிற்க இசக்கிக்கு முழங்கால் நடுங்கியது. பக்கத்தில் சாய ஒரு சுவரும் இல்லை. நடுக்கத்தை மறைக்கவும் தோன்றவில்லை. தண்ணீர் அசையவில்லை. வெயில் வந்து அந்தக் கறுப்புக் கோட்டின் மேல் விழுந்தது. அப்படியே எவ்வளவு நேரம் போயிற்றோ.

"என்னக்கா பண்ணுதீங்க?" என்று கடைசியில் கேட்டாள்.

ஜெபக்கனி கையில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தைப் பார்த்தாள். மறுபடி தண்ணீரைப் பார்த்தாள்.

"இன்னும் கெளம்பக் காணோமேட்டி."